தொப்பி கழற்றும் கலை

சென்ற மாதம் ஒரு திருநாட் பூசைக்குப் போயிருந்தோம். மேற்றிராணியார் வந்து ஒப்புக்கொடுத்த பாட்டுப் பூசை. கோயில் நிறைந்த சனம். (மேற்றிராணியாரை ஆயர் என்பது இக்கால வழக்கு. எமது நாவுக்குப் பழஞ்சொல்லே இசைகிறது, வாசகர் பொறுத்தருள்க.) எமக்கு முன்னிருந்த வாங்கில் ஒரு தாயும் ஏழெட்டு வயதுடைய பெண்பிள்ளையும் அமர்ந்திருந்தனர். பிள்ளையின் கண்கள் பீடத்தை விட்டு அகலவேயில்லை. என்னே இச்சிறு பருவத்திற் பக்தி என்று நாம் வியந்துகொண்டிருந்தோம். அரை மணித்தியாலம் கழிந்திருக்கும். பிள்ளை தாயின் காதருகே சென்று, தான் இரகசியமென்று கருதிய ஒரு குரலில், மூன்று வாங்குகளுக்குக் கேட்கத்தக்கதாக வினவினாள்:

"அம்மா, ஆண்டகைக்குத் தொப்பி அளவில்லையோ? போடுறார், கழட்டுறார், போடுறார், கழட்டுறார்."

"சும்மா இரு பிள்ளை" என்றார் தாய்.

தாய்மாரின் விடை அதுவாகவே இருக்கும். ஆனால் கேள்வி எம்மைப் பற்றிக்கொண்டது. நாமும் எண்ணத் தொடங்கினோம். பவனியில் வருகையிலே தலையிற் கூர்முடி, செபம் சொல்லுகையிற் கழற்றல், வாசகத்துக்கு அமர்ந்ததும் மீண்டும் அணிதல், சுவிசேஷத்துக்கு எழுந்ததும் கழற்றல், பிரசங்கத்துக்கு அணிதல். அதற்கு மேல் எமது கணக்குத் தவறிவிட்டது. கழற்றிய முடியை வாங்குதற்கென்றே ஒரு சிறுவன் பக்கத்தில் நின்றான். அவன் தோளிலே மெல்லிய துகிலொன்று கிடந்தது. அத்துகிலின் நுனியாற் பிடித்தானேயன்றி முடியை வெறுங் கையால் தொடவேயில்லை. முடியை நீக்கினால் உள்ளே இன்னொரு சிறு குல்லா! பிள்ளை மூச்சடைத்துப் போனாள் என்றே சொல்ல வேண்டும். பூசையின் நடுப்பகுதி வந்தபோது அக்குல்லாவும் போயிற்று.

அன்று வீடு சென்று பழைய நூல்கள் சிலவற்றைப் புரட்டினோம். புரட்டப் புரட்ட, பிள்ளையின் கேள்வி எத்துணைக் கூர்மையானது என்பது புலனாயிற்று. கத்தோலிக்கக் குருமாரின் தலையணிகள் பல, நிறம் பல, பெயர் பல. ஆயினும் அவை யாவற்றுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு. அவை போடுவதற்காகச் செய்யப்பட்டவை போலத் தோன்றும். உண்மையிற் கழற்றுவதற்காகவே செய்யப்பட்டவை.

இதற்கு மூலகாரணர் அர்ச்சியசிஷ்ட சின்னப்பர். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம், பதினோராம் அதிகாரத்திலே, ஆடவன் தலையை மூடிக்கொண்டு செபிப்பது தகாது என்றார் அவர். பெண்கள் மூடவேண்டும், ஆண்கள் திறக்கவேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. தொப்பியே அணியாதிருந்தால் தொல்லையில்லை. ஆனால் தொப்பி அணியாதவன் எதனைக் கழற்றி மரியாதை செய்வான்? எமது நாட்டிலே பெரியோர் முன்னும் கோயில் வாயிலிலும் தோளிற் கிடக்கும் சால்வையை எடுத்து இடையிற் கட்டுகிறோம். சால்வையே இல்லாதவன் அந்த மரியாதையைச் செய்ய இயலாது. அதற்காகவேனும் ஒரு சால்வை வேண்டியிருக்கிறது. றோமாபுரித் தொப்பிகளின் தத்துவமும் ஏறக்குறைய இதுவே.

மரியாதை எங்கும் ஒரு படித்தன்று என்பதற்கும் இங்கே ஒரு சான்றுண்டு. சீன தேசத்திலே தலையைத் திறந்து பெரியோர்முன் நிற்பது அவமரியாதை. அங்குப் போன சேசுசபைக் குருமார் தலை திறந்து பூசை செய்ய, கண்டவர்கள் முகஞ் சுளித்தனர். விடயம் றோமாபுரிக்குப் போயிற்று. 1615 இல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர், சீனத்தில் மட்டும் குருமார் தலையை மூடிக்கொண்டே பூசை ஒப்புக்கொடுக்கலாமென்று உத்தரவளித்தார். அதற்கெனத் தனியாக ஒரு தொப்பியும் தோன்றியது. அப்போஸ்தலரான சின்னப்பர் கழற்று என்றார். பாப்பரசரான சின்னப்பர் போடு என்றார். பெயர் ஒன்று, நோக்கமும் ஒன்றே. (சின்னப்பர் என்னும் பெயரை வாசகர் மனத்திலிருத்துக. இக்கட்டுரையில் இன்னும் சிலர் அப்பெயரோடு வரவிருக்கின்றனர்.)

தொப்பிக்குப் போகுமுன் உடுப்பைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பூசை உடுப்புக்கள் வானத்திலிருந்து இறங்கியவையல்ல. பழைய றோமர் வீதியிலும் சந்தையிலும் உடுத்தவையே அவை. மேலே போர்க்கும் பட்டாடைக்கு இலத்தீன் மொழியிற் காசுலா என்று பெயர். சிறு வீடு என்பது பொருள். மழைக்கும் குளிருக்கும் வழிப்போக்கர் போர்த்த அங்கி அது. நடுவிலே தலை நுழைய ஒரு துவாரம். மற்றபடி ஆளைச் சுற்றி ஒரு குடிசை. காலம் மாறியது. வடதிசையிலிருந்து வந்த மக்களின் குறுஞ்சட்டையும் காற்சட்டையும் றோமாபுரியிற் புகுந்தன. ஊரார் யாவரும் புதுப்பாணிக்கு மாறினர்; குருமார் மட்டும் பாட்டனார் உடையை விடவில்லை. எமது மாப்பிள்ளைமார் ஆயுளில் ஒருநாள் மாத்திரம் பாட்டனாரின் தலைப்பாகையைச் சூடிக்கொள்கிறார்களன்றோ? அவ்வாறே இவர்கள் பூசை வேளையிற் பழைய றோமராகிறார்கள்.

இவ்வுடை வேற்றுமை தோன்றத் தொடங்கிய காலத்திலேயே ஒருவர் அதனைக் கண்டித்தார். அவர் வேறு யாருமல்லர். பாப்பரசர் முதலாம் செலஸ்தீன். பிரான்சு தேசத்து மேற்றிராணிமார் சிலருக்கு 428 இல் அவர் எழுதிய நிருபத்திலே, நாம் மக்களிலிருந்து வேறுபட வேண்டியது போதனையாலும் நடத்தையாலுமேயன்றி உடையாலன்று என்னும் கருத்தை வற்புறுத்தினார். ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு மேலாயிற்று. நிருபம் இன்னும் இருக்கிறது, தையற்காரரும் இருக்கிறார்கள்.

தையற்காரர் கைவரிசைக்கு ஓர் எடுத்துக்காட்டு. பூசைக்குருவின் இடக்கையிலே முன்னாளில் ஒரு பட்டுத் துண்டு தொங்கும். ஆதியில் அது கைக்குட்டை. வேர்வை துடைக்கவும் முகந் துடைக்கவும் பயன்பட்டது. நாளடைவிற் சரிகை ஏறியது; குஞ்சம் ஏறியது; அதனால் முகந் துடைத்தால் தோல் உரியுமென்ற நிலை வந்தது. துடைக்க வேறு கைக்குட்டை வைத்துக்கொண்டார்கள். 1967 இல் அது கட்டாயமன்று என்றார்கள். இன்று பெரும்பாலும் காண்பதற்கில்லை. மேற்போர்வையும் அவ்வாறே. சரிகையின் பாரத்தாற் கை தூக்க முடியாமற் போகவே, பக்கங்களை வெட்டினார்கள். வெட்ட வெட்ட முன்புறம் ஒரு பிடில் வாத்தியத்தின் உருவம் பெற்றது. குரு தேவநற்கருணையை உயர்த்தும்போது உதவிச் சிறுவன் பின்புறத்து நுனியைச் சற்றே தூக்கிப் பிடிப்பான். அக்காலத்திற் பூசைக்கு உதவிய வயோதிபர்களுக்கு இது நினைவிருக்கும். பாரமான பழைய போர்வைக்கு அந்த உதவி வேண்டியிருந்தது. வெட்டிக் குறைத்த பின்னரும் தூக்குவதை விட்டார்களில்லை.

இனித் தலைக்கு வருவோம். பிள்ளையை மூச்சடைக்கச் செய்த சிறு குல்லாவிலிருந்தே தொடங்கலாம். இத்தாலியர் இதனைச் சுக்கெற்றோ என்பர். சின்னச் சுரைக்காய் என்று பொருள்! சுரைக்காயைப் பாதியாய் வெட்டிக் கவிழ்த்தாற்போன்ற வடிவம்; எட்டுத் துண்டுகளை இணைத்துத் தைப்பது. முற்காலத்திற் குருமார் உச்சந்தலையில் வட்டமாக மயிர் மழித்திருந்தனர். கல்லாற் கட்டிய குளிர்ந்த கோயில்களிலே மார்கழி மாதத்து வாடை அந்த வட்டத்தைத் தேடிவந்து தாக்கும். அவ்விடத்தை மூடவே குல்லா வந்தது. பின்னர், 1972 இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், தலை மழிக்கும் சடங்கை நிறுத்திவிட்டார். மழித்த இடம் போயிற்று. மூடிய குல்லா நிலைத்தது. பாப்பரசருக்கு வெள்ளை, கர்தினாலுக்குச் செந்நிறம், மேற்றிராணியாருக்கு ஊதா, குருவுக்குக் கறுப்பு.

இதற்கு மற்றுமொரு பெயருண்டு. அதன் பொருள் "தேவனுக்கு மட்டும்" என்பது. அரசன் வந்தாலும் கழற்ற வேண்டியதில்லை. பூசையில் ஆண்டவர் எழுந்தருளும் வேளையிலேதான் கழற்ற வேண்டும். பிள்ளை கண்டது அதனையே. தேவனுக்கு மட்டும் என்றாலும், அர்ச். இராயப்பர் சதுக்கத்திலே காற்றும் அவ்வுரிமையைக் கொண்டாடுவதுண்டு. பாப்பரசரின் வெண்குல்லா காற்றிற் பறக்க, அவர் எட்டிப் பிடிக்க முயலும் புகைப்படங்கள் ஏராளம்.

அடுத்தது பிரெற்றா என்னும் நாற்கோணத் தொப்பி. நான்கு மூலை, மேலே மூன்று முகடு, நடுவிலே ஒரு குஞ்சம். நான்கு மூலைக்கு மூன்று முகடு ஏன் என்று கேட்போருக்குப் பரிசுத்த திரித்துவத்தைக் காட்டிப் பதில் சொல்லுவாருண்டு. முகடில்லாத மூலை இடப்புறம் வருமாறு அணிவர். கழற்றும் கைக்கு முகடே பிடி. இதனை வைத்துப் பழைய பாட்டுப் பூசையில் நிகழ்ந்த ஆரவாரம் சொல்லுந்தரமன்று. குருமார் மூவரும் ஆசனத்தில் அமர்ந்திருப்பர். பாடகர் "குளோரியா" பாடுவர். சேசுவின் திருநாமம் வருந்தோறும் மூன்று தொப்பிகளும் ஒருங்கே எழும், ஒருங்கே இறங்கும். பாட்டிலே மனம் இலயித்து ஒருவர் மறந்துவிட்டால், பக்கத்திலிருப்பவரின் முழங்கை அவருக்கு ஞாபகமூட்டும்.

செந்நிறப் பிரெற்றாவைப் பற்றி எமக்கு மிகப் பிரியமான ஒரு சம்பவம் உண்டு. கர்தினாலாக நியமனம் பெற்றவர் வெளிநாட்டிலே பாப்பரசரின் தூதுவராயிருந்தால், அந்நாட்டுத் தலைவரே அவருக்குச் செந்தொப்பி சூட்டும் உரிமை சில தேசங்களுக்கு இருந்தது. 1953 தை மாதம் 15ஆம் திகதி பரிசு நகரத்து எலிசே மாளிகையிலே அந்த வைபவம் நடந்தது. தொப்பியைச் சூட்டியவர் பிரான்சின் சனாதிபதி வின்சென்ற் ஓரியோல். சோசலிசக் கட்சியைச் சேர்ந்தவர், கோயில் வாசலுக்கு அதிகம் போகாதவர். அவர் முன் முழந்தாளிட்டவர் தூதுவர் றொன்கல்லி. மதத்தையும் அரசையும் சட்டத்தாற் பிரித்துவைத்த தேசத்திலே, கோயிலுக்குப் போகாத ஒருவர் கையால், திருச்சபையின் மிக உயர்ந்த தொப்பிகளில் ஒன்று ஒருவர் தலையில் ஏறியது. இருவரும் நல்ல நண்பர்களாயிருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த றொன்கல்லியே 1958 இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் என்னும் பாப்பரசரானார். அன்றும் உடை அவரைச் சோதித்தது. பான்தியனுக்கு அண்மையிலே 1798 முதல் நிலைபெற்றிருக்கும் கம்மரெல்லி என்னும் தையற்சாலையார், புதிய பாப்பரசர் யாரென்பது தெரியுமுன்னரே சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் வெள்ளங்கி தைத்து அனுப்புவது வழக்கம். அருளப்பரோ நல்ல தேகபுஷ்டி உடையவர். பெரிதும் போதவில்லை. பின்புறத்தை விரித்து ஊசி குத்தி ஒருவாறு சமாளித்து, அவரை மாடத்துக்கு அனுப்பினார்கள் என்பர். கீழே நின்ற இலட்சம் பேருக்கும் முன்புறமே தெரிந்தது.

கூர்முடிக்கு அதிக இடம் கொடுக்க நாம் விரும்பவில்லை. மித்திரா என்பது அதன் பெயர். ஆதியிலே பதிவான தொப்பி. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே இரு கொம்புகளும் காதுகளுக்கு மேலாகப் பக்கங்களில் நின்றன. அது நன்றாயில்லை என்று கண்டு, முன்னும் பின்னுமாகத் திருப்பிவிட்டனர். பின்னர் நூற்றாண்டுதோறும் உயரம் ஏறியது. ஏறிய உயரமெல்லாம் செபவேளையில் இறங்க வேண்டியதே என்பதைத் தைத்தவர்கள் நினைத்தார்களோ இல்லையோ அறியோம்.

சனிக்கிரகத் தொப்பியையும் ஒரு வார்த்தையிற் சொல்லிவிடுவோம். வெயிலுக்காகக் குருமார் வீதியில் அணிந்த வட்டத் தொப்பி. குவிந்த நடுப்பகுதி, சுற்றிலும் அகன்ற விளிம்பு. வளையத்தோடு கூடிய சனிக்கிரகத்தை ஒத்திருப்பதால் இத்தாலியர் அதனைச் சற்றூர்ணோ என்றழைத்தனர். எம்மவர் தலையிற் சனி ஏறினால் எள்ளெண்ணெய் எரிப்பார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கித் தாமே ஏற்றிக்கொண்டார்கள்!

நகைப்பு இங்கே சற்றுக் குறையட்டும். கர்தினால்மாரின் அகன்ற செந்தொப்பியைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. கலேரோ என்னும் இத்தொப்பியை 1245 இல் லியோன் நகரத்துப் பொதுச்சங்கத்திலே நான்காம் இன்னொசெந்து பாப்பரசர் கர்தினால்மாருக்கு விதித்தார். சிவப்பு, இரத்தத்தின் நிறம். விசுவாசத்துக்காக உதிரஞ் சிந்தவும் ஆயத்தமாயிருக்கிறேன் என்பது அதன் பொருள். தொப்பியின் இரு பக்கத்திலும் பதினைந்து பதினைந்தாகக் குஞ்சங்கள் தொங்கும். ஓவியர்களுக்கு இத்தொப்பியின்மேல் அளவிறந்த காதல். 420 இல் இறந்த அர்ச். எரோணிமுசுக்கும் அதனைச் சூட்டி, அல்லது அவர் பக்கத்துச் சுவரில் மாட்டி வரைந்தார்கள். எண்ணூறு வருடம் முந்தியே அவருக்குத் தொப்பி கிடைத்துவிட்டது.

அர்ச். பொனவெந்தூரின் கதையும் ஓவியங்களில் உண்டு. 1273 இல் அவரைக் கர்தினாலாக்கிய செய்தியோடு பாப்பரசரின் தூதர் வந்தபோது, அவர் மடத்துக் குசினியிலே பாத்திரங் கழுவிக்கொண்டிருந்தாராம். கை ஈரமாயிருந்தது. "அதனை அந்த மரக்கொப்பில் மாட்டிவிடுங்கள், வேலை முடிந்ததும் வருகிறேன்" என்றாராம். மரத்திலே தொங்கும் செந்தொப்பியைக் கண்டால் அது பொனவெந்தூரின் படமென்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால் தலைக்கு வந்துசேராத ஒரு தொப்பியின் வரலாறே எமது நெஞ்சிலே தங்கியிருக்கிறது. இங்கிலாந்திலே றொச்செஸ்ரர் மேற்றிராணியாராயிருந்தவர் யோன் பிஷர். எட்டாம் ஹென்றி மன்னன் தானே ஆங்கிலத் திருச்சபைக்குத் தலைவனென்று கூறியதை அவர் ஏற்கவில்லை. முதியவர், நோயாளி, இலண்டன் கோட்டைச் சிறையில் வாடினார். 1535 வைகாசியிலே பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அவரைக் கர்தினாலாக நியமித்தார். செந்தொப்பி சிறையிலிருப்பவரைக் காக்குமென்று றோமாபுரியில் எண்ணினார்கள் போலும். செய்தி கேட்ட மன்னன் சினங்கொண்டான். தொப்பி வருமுன் அதனை அணியத் தலை இராது, வேண்டுமானால் தலையைத் தொப்பியிடம் அனுப்புவோம் என்ற கருத்திலே அவன் பேசினான் என்பது வரலாறு. தொப்பி கலே துறைமுகம் வரை வந்தது. கடலைத் தாண்டவில்லை.

ஆனி மாதம் 22ஆம் திகதி அதிகாலையில் அவரை எழுப்பி, இன்று மரணம் என்றறிவித்தார்கள். வேளையைக் கேட்டறிந்து, இன்னும் சிறிது உறங்கவேண்டும் என்று கூறி மீண்டும் உறங்கினார். எழுந்ததும் நல்ல உடையைக் கேட்டு வாங்கி உடுத்தினார். குளிர் தாக்காமற் கழுத்தைச் சுற்றிக்கொள்ள உரோமத் துண்டையும் கேட்டார். இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு கவனம் எதற்கு என்று கோட்டை அதிகாரி வியந்தார். அந்த ஒரு மணித்தியாலமும் தேவன் தந்த உடல். அதுவரையும் பேணுவேன் என்னும் கருத்திலே கிழவர் விடையிறுத்தார். பழைய சரித நூலார் இதனைக் குறித்துவைத்திருக்கின்றனர். வெட்டப்பட்ட தலையை இலண்டன் பாலத்திலே நாட்டிவைத்தார்கள். நானூறு வருடங்கழித்து, 1935 இல், திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டர் என அறிவித்தது. சிவப்பின் பொருளை முழுதும் நிறைவேற்றியவர் அச்சிவப்பைத் தலையிற் காணவேயில்லை.

மற்றக் கர்தினால்மாரும் அதனை அதிகம் கண்டார்களென்று சொல்வதற்கில்லை. பிற்காலத்திலே பாப்பரசர் அதனை ஒருமுறை தலைமேற் பிடித்துக் காட்டுவார், அவ்வளவே. பின்பு அது பெட்டிக்குள் உறங்கும். கர்தினால் இறந்தால் பிரேதத்தின் காலடியில் வைப்பர். அடக்கம் முடிந்ததும் அவருடைய தேவாலயத்தின் கூரையிலே, கல்லறைக்கு நேர்மேலே, கயிற்றிற் கட்டித் தொங்கவிடுவர். அப்புறம் அதனை எடுப்பாரில்லை. பூச்சி அரித்து, தூசி படிந்து, நூல் இற்றுத் தானாய் விழும்வரை தொங்கும். அது விழும் நாளில் அவ்வாத்துமம் மோட்சம் சேர்ந்துவிட்டதென்று சனங்கள் சொல்லிக்கொள்வர். நியூயோர்க் நகரத்து அர்ச். பத்திரிசியார் தேவாலயத்திலும், இலண்டன் வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்திலும் அண்ணாந்து பார்ப்போர் அவற்றைக் காணலாம். எமது நாட்டின் முதற் கர்தினாலாகக் கொழும்பு அதிமேற்றிராணியார் தோமஸ் கூரே ஆண்டகை 1965 இல் உயர்த்தப்பட்டார். நான்கு வருடங்களுள், 1969 இல், அகன்ற செந்தொப்பி வழக்கிலிருந்து நீக்கப்பட்டது. இன்று அது கர்தினால்மாரின் இலச்சினைகளில் மட்டும் இருக்கிறது.

மிகப் பெரிய தலையணி பாப்பரசரின் மும்முடி. ஒன்றின்மேலொன்றாக மூன்று கிரீடங்கள். இதன் வரலாற்றிலும் வேடிக்கைக்குக் குறைவில்லை. 1800 இல் பிரெஞ்சுப் படைகளின் ஆதிக்கத்தால் றோமாபுரியிற் கூட இயலாது, கர்தினால்மார் வெனிஸ் நகரிற் கூடி ஏழாம் பத்திநாதரைத் தெரிவுசெய்தனர். சூட்டுவதற்கு முடியில்லை. கடதாசிக் கூழாலே ஒரு முடி செய்தார்கள்; அந்நகரத்துச் சீமாட்டிகள் தம் ஆபரணங்களைக் கொடுக்க, அவற்றைப் பதித்துச் சூட்டினார்கள். சிறிது காலத்தின் பின் நெப்போலியன் அதே பாப்பரசருக்குப் பொன்னும் மணியும் இழைத்த முடியொன்றை அன்பளிப்புச் செய்தான். அது தலைக்குச் சிறிது; கழுத்துக்குப் பாரம். கடதாசி முடியைச் சுமப்பது எளிது என்பதைப் பத்திநாதர் நன்கறிந்திருப்பார்.

முடிசூட்டு நாளிலே, பாப்பரசர் பவனி வரும் வழியில் மூன்று தடவை நிறுத்துவார்கள். ஒருவர் கோலின் நுனியிற் சணற்பஞ்சைக் கட்டி அவர் கண்முன்னே கொளுத்துவார். பஞ்சு பக்கென எரிந்து சாம்பலாகும். பரிசுத்த பிதாவே, உலகப் பெருமை இவ்வாறே கழியும் என்று கூறுவார். மும்முடியைச் சூட்டுமுன்னரே அதனைக் கழற்றப் பழக்கினார்கள் என்று நாம் கொள்கிறோம்.

அதனை உண்மையாகவே கழற்றியவர் மீண்டும் ஒரு சின்னப்பர். ஆறாம் சின்னப்பர் 1963 ஆனி 30ஆம் திகதி முடிசூடினார். மிலான் நகர மக்கள் செய்து கொடுத்த புதிய முடி அது. பதினாறு மாதத்துக்குச் சற்று மேற் சென்றது. 1964 கார்த்திகை 13ஆம் திகதி, உலக மேற்றிராணிமார் யாவரும் கூடியிருந்த பொதுச்சங்க காலத்திலே, அர்ச். இராயப்பர் பேராலயத்தில் ஆசனத்தைவிட்டு இறங்கி வந்து, அம்முடியைப் பீடத்தின்மேல் வைத்தார். ஏழைகளுக்கென்று கொடுத்தார். பின்பு அதனை அவர் எடுக்கவில்லை. அவருக்குப் பின் வந்தோர் எவரும் முடிசூடவுமில்லை. அம்முடி இன்று வாஷிங்டன் நகரத்து அமலோற்பவ மாதா ஆலயத்தில் இருக்கிறது.

இதனைக் கண்டு கண்ணீர் விட்டவருமுண்டு, கைதட்டியவருமுண்டு. அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு சாரார், அலங்காரமெல்லாம் போயிற்றே, கோயிலுக்குப் போனால் கண்ணுக்கு என்ன இருக்கிறது என்பர். மறுசாரார், கலிலேய மீன்பிடிகாரரின் பின்னடியாருக்குப் பட்டு எதற்கு என்பர். கர்தினால்மார் பின்னே இழுபடும் மாபெருங் காப்பாவின் வாலைப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 இல் பாதியாகக் குறைத்து ஏறத்தாழ ஏழு மீற்றராக்கினார். பாதியே ஒரு கூறைச்சேலையிலும் நீளம்! அதனைத் தூக்கிச் சென்ற சிறுவர்களுக்காக எமது நெஞ்சு இரங்குகிறது. 1972 இல் இத்தாலியப் பட நெறியாளர் பெலினி, "றோமா" என்னும் தமது படத்திலே குருமாரின் உடை அணிவகுப்பொன்றைக் காட்டி உலகை நகைக்க வைத்தார். 2013 இல் பிரான்சிஸ் பாப்பரசர் செந்நிறத் தோட்போர்வையின்றி வெறும் வெள்ளங்கியோடு மாடத்தில் தோன்றினார். 2025 வைகாசி 8ஆம் திகதி பதினான்காம் சிங்கராயர் அத்தோட்போர்வையோடு தோன்றினார். இரு தடவையும் பத்திரிகைகள் துணியைப் பார்த்துத் தத்துவம் எழுதின.

எமது கட்சி எது என்று கேட்பின், நாம் அந்தப் பிள்ளையின் கட்சி. அழகான ஒன்றைப் போடுவதில் எமக்கு ஆட்சேபமில்லை. வேளை வரும்போது கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். பீடத்தில் வைத்த முடியைக் கண்டு அழுதவர்களையும் நாம் பழிக்க மாட்டோம். பாட்டன் காலத்துப் பொருள் ஒன்று வீட்டைவிட்டுப் போனால் யாருக்குத்தான் மனம் நோகாது? ஆனால் அது போன இடம் பீடம் என்பதை அவர்கள் மறந்துவிடக் கூடாது.

தத்துவம் எழுதுவோருக்காக ஒன்று சொல்லி முடிக்கிறோம். கமவுறோ என்று ஒரு பழந்தொப்பி உண்டு. செந்நிறப் பட்டு, விளிம்பிலே வெண்மையான உரோமம், காதுவரை மூடும். பழைய ஓவியங்களிற் பாப்பரசர்கள் அணிந்திருப்பர். இருபத்துமூன்றாம் அருளப்பருக்குப் பின் எவரும் தொடவில்லை. 2005 மார்கழி 21ஆம் திகதி, நத்தாருக்கு நான்கு நாள் முன்பாக, பதினாறாம் ஆசீர்வாதப்பர் அதனை அணிந்துகொண்டு சதுக்கத்துக்கு வந்தார். உலகமெல்லாம் திகைத்தது. நத்தார்த் தாத்தா வந்துவிட்டார் என்று சிரித்தனர் சிலர். பழைய காலத்தைத் திருப்பிக்கொண்டுவரத் திட்டமிடுகிறார் என்று எழுதினர் சிலர். ஐந்து வருடங்கழித்து வெளியான ஒரு நேர்காணல் நூலிலே அவரே அதற்கு விளக்கங் கூறினார். அன்று குளிராயிருந்தது, தமது தலை குளிர் தாங்காது, தொப்பி கைக்கெட்டியது, போட்டுக்கொண்டார். பிறர் மேலும் மேலும் பொருள் கற்பியாதிருக்க, அதன் பின் அவர் அதனை அணியவேயில்லை.